‘பிழைப்பானா?’ என்ற கேள்விக்கு மருத்துவம் என்ன விடை சொல்லும்?

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நிற்கும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “புள்ள பொழச்சிருவானா டாக்டரம்மா?” மூளைக் காய்ச்சலோ, நீரில் மூழ்கியதோ, தலையில் பலத்த அடியோ, காரணம் எதுவாயினும் நினைவிழந்து கிடக்கும் குழந்தையின் பெற்றோருக்கு அந்த நேரத்தில் வேறு கேள்வி எழுவதில்லை. உயிர் தங்கும் என்று ஓரளவு தெரிந்த பிறகு இரண்டாவது கேள்வி வரும்: “பழையபடி ஆயிருவானா?”

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இரு கேள்விகளையும் எதிர்கொண்டு வருகிறேன். முதல் கேள்விக்கு ஓரளவும், இரண்டாவது கேள்விக்கு அதைவிடக் குறைவாகவும் விடை சொல்ல மருத்துவம் கற்றிருக்கிறது. இத்தகைய முன்கணிப்புகள் எப்படி உருவாகின்றன, எங்கே சறுக்குகின்றன என்பதைப் பொதுமக்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில், இந்த நோயில் மருத்துவர் சொல்லும் ஒரு வாக்கியமே சில வேளைகளில் குழந்தையின் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

நோய்க்கு ஏற்ற கணக்கு

‘மூளைக் காய்ச்சல்’ என்று மக்கள் பொதுவாகச் சொல்வது ஒரே நோய் அன்று. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955இல் வேலூர்ப் பகுதியில்தான் இனங்காணப்பட்டது. இந்த வைரஸ் தொற்றும் பெரும்பாலானோருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. ஆனால் மூளை அழற்சி வரை சென்றவர்களில் 30 சதவீதம் வரை இறக்கக்கூடும் என்றும், 30 முதல் 50 சதவீதம் பேருக்கு நிரந்தரமான நரம்பியல், அறிவுத்திறன் அல்லது நடத்தைப் பாதிப்புகள் ஏற்படுகின்றன என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

காசநோய்க் கிருமி மூளை உறையைத் தாக்கும்போது நிலைமை இதைவிடக் கடுமையானது. குழந்தைகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்வின்படி, சிகிச்சை பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தனர். பிழைத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நரம்பியல் குறைபாடுகள் எஞ்சின. எந்தக் குறையும் இன்றி மீள்வதற்கான வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே கடந்தது. நோய் எந்தக் கட்டத்தில் கண்டறியப்பட்டது என்பதே இங்கு முக்கியம். குழந்தை நினைவோடு இருக்கும்போதே மருந்து தொடங்குவதும், ஆழ்மயக்கத்தில் விழுந்த பின் தொடங்குவதும் முற்றிலும் வேறு முடிவுகளைத் தருகின்றன.

ஆகவே, “மூளைக் காய்ச்சல் வந்த குழந்தை பிழைக்குமா?” என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்த நோய், எந்தக் கட்டம், எவ்வளவு விரைவில் சிகிச்சை என்பவை தெரிந்தால்தான் கணக்கே தொடங்குகிறது.

மதிப்பெண்களின் வரலாறு

நினைவிழப்பின் ஆழத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோல் ஸ்காட்லாந்தில் பிறந்தது. கிளாஸ்கோ நகரின் நரம்பியல் அறுவை மருத்துவர்களான கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் இருவரும் 1974இல் அதை வெளியிட்டனர். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 எனக் கூடுதல் மதிப்பெண் 15. எதற்கும் அசையாதவருக்கு 3. பொதுவாக, எட்டும் அதற்குக் கீழும் ஆழ்மயக்கம். அதற்கு முன் ஒரு மருத்துவர் ‘அரை மயக்கம்’ என்று எழுதியதை இன்னொருவர் ‘ஆழ்ந்த தூக்கம்’ என்று எழுதிய குழப்பத்துக்கு இந்த அளவுகோல் முடிவு கட்டியது.

ஆனால் பத்து மாதக் குழந்தையிடம் “உன் பெயர் என்ன?” என்று கேட்க முடியாதே! அதனால் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கென அளவுகோல்கள் மாற்றியமைக்கப்பட்டன. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், மூளையைத் தாக்கும் மலேரியாவால் மயங்கிய குழந்தைகளைப் பார்த்துவந்த மால்கம் மாலினியூ, டெர்ரி டெய்லர் ஆகியோர் 1989இல் ஒரு எளிய அளவுகோலை அளித்தனர். அங்குள்ள பிளான்டைர் நகரின் பெயரால் வழங்கும் அதில் மொத்தம் 5 மதிப்பெண்களே. வலித்த இடத்தை நோக்கிக் கை வருகிறதா, அழுகை இயல்பானதா, முனகலா, தாயின் முகத்தைக் கண் பின்தொடர்கிறதா என்று மூன்றே கேள்விகள். பெரிய கருவிகள் இல்லாத மருத்துவமனையிலும் ஒரு செவிலியர் அரை நிமிடத்தில் மதிப்பிட்டுவிடலாம்.

தொண்டையில் குழாய் செருகி வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையின் பேச்சை அளக்க முடியாது என்பதால், கண்மணியின் எதிர்வினையையும் மூச்சின் போக்கையும் கணக்கில் கொள்ளும் வேறோர் அளவுகோலை 2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்டனர். ரத்த அழுத்தம், உப்பு அளவு முதலியவற்றைச் சேர்த்து இறப்பின் சாத்தியத்தைக் கணக்கிடும் குறியீடுகளும் 1980களிலிருந்து புழக்கத்தில் உள்ளன.

இவை அனைத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ‘இறப்பின் சாத்தியம் 30 சதவீதம்’ என்று ஒரு குறியீடு சொன்னால், இதே நிலையில் உள்ள நூறு குழந்தைகளில் முப்பது பேர் இறக்கக்கூடும் என்பதே பொருள். எதிரே படுத்திருக்கும் குழந்தை அந்த முப்பதில் ஒன்றா, எஞ்சிய எழுபதில் ஒன்றா என்பதை எந்தக் குறியீடும் சொல்லாது. மருத்துவமனைகளை ஒப்பிடவும், ஆய்வுகளை நடத்தவும் உருவானவை இவை. தனி ஒரு குழந்தையின் எதிர்காலத்தை இவற்றைக் கொண்டு முடிவுசெய்வது, ஊரின் சராசரி மழையளவை வைத்து நாளை குடை வேண்டுமா என்று சொல்வதைப் போன்றது.

வலிமையான சான்றும் முழுமையானதல்ல

ஸ்கேன் படம் இதைவிடத் தெளிவாகச் சொல்லாதா என்று கேட்கலாம். மலாவியிலேயே நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல பாடம். மலேரியாவால் ஆழ்மயக்கத்தில் விழுந்த 168 குழந்தைகளுக்கு அங்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அவர்களில் 25 பேர் இறந்தனர். இறந்த 25 பேரில் 21 பேருக்கு, அதாவது 84 சதவீதத்தினருக்கு, அனுமதிக்கப்பட்டபோதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்த 143 பேரில் 39 பேருக்கு மட்டுமே, அதாவது 27 சதவீதத்தினருக்கே, அத்தகைய வீக்கம் இருந்தது.

இதைப் படிக்கும் எவரும், வீக்கம் இருந்தால் மரணம் என்றே முடிவுகட்டுவர். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கடுமையான வீக்கம் இருந்தவர்கள் மொத்தம் 60 பேர். அவர்களில் இறந்தவர்கள் 21, பிழைத்தவர்கள் 39. இவ்வளவு வலிமையான அடையாளம் இருந்தும் மூவரில் இருவர் வீடு திரும்பியிருக்கிறார்கள்! பிழைத்தவர்களுக்கு மீண்டும் ஸ்கேன் எடுத்தபோது வீக்கம் வடிந்துவந்ததும் தெரிந்தது. மூளை வீங்கி, மூச்சை இயக்கும் தண்டுப் பகுதி நசுங்குவதே மரணத்துக்குக் காரணம் என்றால், வீக்கம் வடியும்வரை மூச்சைக் காத்துக்கொடுத்தால் இன்னும் சிலர் பிழைக்கலாம் அல்லவா? அந்த ஸ்கேன் காட்டிய உண்மையான செய்தி இதுதான். எந்தக் குழந்தைக்கு எப்போது என்ன உதவி தேவை என்று காட்டுவதே முன்கணிப்பின் முதன்மைப் பயன். யாரைக் கைவிடலாம் என்று பட்டியலிடுவது அன்று.

காரணம் தெரிந்தால் கணிப்பு மாறும்

பிஹாரின் முசாஃபர்பூரில் ஆண்டுதோறும் கோடையில் குழந்தைகள் வலிப்பு கண்டு, நினைவிழந்து, சில மணி நேரத்தில் இறந்துகொண்டிருந்தனர். வைரஸ்தான் காரணம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2014இல் அங்குள்ள இரு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்தனர். ரத்தச் சர்க்கரை பரிசோதிக்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்கு அது 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 70 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே இருந்தது. லிச்சிப் பழம் உண்டு, இரவு உணவு உண்ணாமல் உறங்கிய குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டனர் என்பதை இந்திய, அமெரிக்க அறிவியலாளர்களின் கூட்டு ஆய்வு உறுதிசெய்தது. வேலூரைச் சேர்ந்த வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் உள்ளிட்டோர் இந்தத் திசையை முன்னரே சுட்டிக்காட்டியிருந்தனர். பழத்தில் உள்ள ஒரு நச்சு, பசித்த உடல் சர்க்கரையை உருவாக்கிக்கொள்வதைத் தடுத்துவிடுகிறது.

காரணம் தெரியாத வரை அந்தக் குழந்தைகளைப் பற்றிய கணிப்பு இருண்டதாகவே இருந்தது. காரணம் தெரிந்த பின், உடனடியாக ஏற்றப்படும் குளுக்கோஸ் அந்தக் கணிப்பையே மாற்றக்கூடியதாயிற்று. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரிலும் இதே கதைதான். அங்கு மூளைக் காய்ச்சலுக்கு ஆளானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஸ்க்ரப் டைஃபஸ் தொற்று இருந்ததைச் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவன ஆய்வாளர்கள் இடம்பெற்ற ஆய்வுகள் வெளிப்படுத்தின. ஸ்க்ரப் டைஃபஸ் என்பது எளிய, விலை குறைந்த மருந்துகளுக்குக் கட்டுப்படும் நோய்.

இன்னொரு சான்று உண்டு. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும் ஒருவகை அழற்சியை ஹோசப் டால்மாவ் குழுவினர் 2007இல் அடையாளம் கண்டனர். இந்நோயில் குழந்தைகள் பல வாரங்கள் வென்டிலேட்டரில் கிடப்பதுண்டு. பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை அற்றுப்போகும். ஆனால் 577 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவுகளின்படி, இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தனர். பதினெட்டு மாதங்கள் வரைகூட முன்னேற்றம் தொடர்ந்தது. 2007க்கு முன் இதே நோயோடு வந்தவர்களைப் பார்த்து எத்தனை மருத்துவர்கள் கைவிரித்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

என் கணிப்பு பொய்த்த கதை

பணியின் தொடக்க ஆண்டுகளில் நடந்தது இது. வலிப்போடு வந்த ஆறு வயதுச் சிறுவன் வென்டிலேட்டரில் இருந்தான். இரண்டாம் நாள் மாலை அவன் தந்தை வழக்கமான கேள்வியைக் கேட்டார். கண்மணி மந்தமாக இருந்தது, கைகால் அசைவில்லை. “பெருசா எதிர்பார்க்காதீங்க” என்றேன். வலிப்பை அடக்கும் மயக்க மருந்து அப்போதும் அவன் நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது. அசைவின்மைக்கு நோய் எவ்வளவு காரணம், மருந்து எவ்வளவு காரணம் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

கூலி வேலை செய்பவர் அவர். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். அன்றிரவே மகனை ஊருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று தீர்மானித்து, ‘மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறேன்’ என்ற படிவத்தைக் கேட்டார். அவருடைய தாயார்தான் மறுத்தார். “மூச்சு இருக்கையில நான் தூக்க மாட்டேன்டா” என்று சொல்லிவிட்டு வராந்தாவிலேயே படுத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் சிறுவன் கண் திறந்தான். ஓராண்டு கழித்து, இடது காலைச் சற்றுத் தாங்கியபடி நடந்து வந்தான். பள்ளிக்குப் போவதாகச் சொன்னான்.

அந்தப் பாட்டி இசைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழாயை எடுத்த சில நிமிடங்களில் சிறுவன் இறந்திருப்பான். நானும் என் கணிப்பு பலித்தது என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பேன். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் இத்தகைய கணிப்புக்குப் பெயர் சூட்டினார்: தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும் கணிப்பு. தீவிர சிகிச்சையில் இதன் ஆபத்து இரட்டிப்பானது. தவறு நிகழ்கிறது, நிகழ்ந்தது எவருக்கும் தெரிவதுமில்லை. அந்த மரணங்களையும் சேர்த்தே அடுத்த ஆய்வின் புள்ளிவிவரங்கள் எழுதப்படுகின்றன.

பொறுத்திருக்கவும் ஒரு முறை உண்டு

மயக்க மருந்து, வெளியே தெரியாமல் மூளைக்குள் ஓடும் வலிப்பு, குறைந்த ரத்த அழுத்தம், குறைந்த உடல் வெப்பம், சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் தடுமாற்றம் என ஆறேழு காரணங்கள் உயிர்ப்புள்ள மூளையையும் செத்த மூளைபோல் காட்டிவிடும். இவற்றைச் சரிசெய்யாமல் செய்யும் எந்தப் பரிசோதனையும் நம்பத்தக்கதன்று. இதயம் நின்று மீண்ட குழந்தைகளிடமும், முதல் மூன்று நாட்களுக்குள் எந்த ஓர் அடையாளத்தையும் தனித்து வைத்து முடிவுக்கு வரலாகாது. உடல் பரிசோதனை, மூளை மின்னலைப் பதிவு, ஸ்கேன் ஆகியவை வெவ்வேறு நாட்களில் ஒரே திசையைக் காட்டினால்தான் கணிப்புக்கு வலு சேரும்.

அப்படியானால் இறுதிவரை பொய் நம்பிக்கை ஊட்ட வேண்டுமா? கூடாது. மூளைத் தண்டு இறப்பு என்பது முன்கணிப்பு அன்று, அது நோய்நிர்ணயம். 1994ஆம் ஆண்டின் உடலுறுப்பு மாற்றுச் சட்டம் வகுத்தபடி, மருத்துவர் குழு இடைவெளிவிட்டு இருமுறை சோதித்து உறுதிசெய்த பின், அதைத் தயங்காமல் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். மீளவே வாய்ப்பில்லாத நிலையில் கருவிகளை மட்டும் ஓட்டிக்கொண்டு, குடும்பத்தின் நிலத்தையும் நகையையும் கரைப்பது கருணை ஆகாது. மீள முடியாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கு உச்ச நீதிமன்றம் 2018இல் நெறிமுறைகளை வகுத்து, 2023இல் அவற்றை எளிமையாக்கியது. அந்த எளிமையான வடிவிலும் இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் தேவை. இரண்டு குழுக்கள் கூடி எடுக்க வேண்டிய ஒரு முடிவை, வராந்தாவில் ஓர் இளம் மருத்துவர் சொல்லும் ஒற்றை வாக்கியம் எடுத்துவிடுகிறது. நம் மருத்துவமனைகளின் அன்றாட முரண் இது.

‘பிழைத்தான்’ என்பதோடு முடிவதில்லை

பெற்றோரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். மூளை அழற்சியிலிருந்து மீண்ட குழந்தைகளின் நிலையை அளக்க மலேசியாவின் சரவாக்கிலும் நம் கர்நாடகத்திலும் குழந்தைகளிடம் சோதித்து ‘லிவர்பூல்’ அளவுகோல் உருவாக்கப்பட்டது. பேசுகிறதா, தானாகச் சாப்பிடுகிறதா, உடை உடுத்துகிறதா, தனியே விட்டுச் செல்ல முடிகிறதா, வலிப்பு வருகிறதா, பள்ளி செல்கிறதா என்பவை போன்ற கேள்விகள்தாம் அதில் உள்ளன. எந்த அம்சத்தில் குழந்தை மிகவும் பின்தங்கியிருக்கிறதோ, அதுவே அதன் மதிப்பெண். ஒரு தாயின் அன்றாடக் கவலைகளை அறிவியல் அப்படியே அளவுகோலாக்கிக்கொண்டது பாராட்டத்தக்கது.

குழந்தையின் மூளை வளைந்துகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதை மிகைப்படுத்தக் கூடாது. மூன்று வயதில் நோய் கண்டு ‘முழுமையாக’ மீண்ட குழந்தைக்கு, ஏழு வயதில் எழுத்துக் கூட்டும்போதோ கணக்குப் போடும்போதோதான் குறை வெளிப்படலாம். வீடு திரும்பும் நாளில் சொல்லப்படும் நற்செய்தி இறுதியானதன்று என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களை அமைக்கும் திட்டம் 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் ஒரு பகுதி. இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, செவித்திறன் சோதனை ஆகியவற்றுக்கு மூளைக் காய்ச்சலில் மீண்ட ஒவ்வொரு குழந்தையும் அங்கே அனுப்பப்பட வேண்டும். மருத்துவமனை தரும் வெளியேற்றச் சீட்டில் மருந்துகளின் பெயரோடு அந்த மையத்தின் பெயரும் இருக்க வேண்டும்.

நமக்கான கணக்கு நம்மிடம் வேண்டும்

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட பச்சிளம் குழந்தைகளின் உடலைக் குளிர்விப்பது செல்வந்த நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில் முடிவு தலைகீழாயிற்று. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தனர். குளிர்விக்கப்படாதவர்களில் 31 சதவீதம். வேறு மண்ணில் நிரூபிக்கப்பட்டது நம் மண்ணிலும் பலிக்கும் என்று கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வலிமையான எச்சரிக்கை தேவையில்லை. முன்கணிப்புக்கும் இது பொருந்தும். நம் குழந்தைகள் எந்த நோயோடு, எத்தனை மணி நேரம் கழித்து, எந்த ஊட்ட நிலையில் வருகிறார்கள் என்பதை நம் தரவுகளே சொல்ல முடியும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மயக்கத்தின் ஆழத்தை ஒவ்வொரு நாளும் மதிப்பெண்ணாகக் குறித்துவைப்பது. வந்தவுடன் சர்க்கரையைச் சோதிப்பது. எதிர்காலம் குறித்துப் பெற்றோரிடம் பேசும் பொறுப்பை மூத்த மருத்துவரே ஏற்பது, அதையும் தனியறையில் அமரவைத்துப் பேசுவது. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் குழந்தையை வரவழைத்தோ தொலைபேசியில் அழைத்தோ நிலையைப் பதிவது. ‘மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக’ அழைத்துச் செல்லப்பட்ட குழந்தைகளைத் தனியே கணக்கிடுவது. இந்த ஐந்தையும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் நாளையே தொடங்கலாம்.

இப்போதெல்லாம் அந்தக் கேள்விக்கு நான் ஒற்றை வாக்கியத்தில் விடை சொல்வதில்லை. இன்று என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை, எதைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்கிறேன். மூன்றாம் நாள் மீண்டும் உட்கார்ந்து பேசுவோம் என்று தேதி குறித்துத் தருகிறேன். சிலருக்கு மூன்றாம் நாள் கெட்ட செய்தியைத்தான் சொல்ல நேர்கிறது. அதையும் மறைப்பதில்லை. ஆனால் இரண்டாம் நாள் மாலையில், மயக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, எந்தத் தந்தையிடமும் ‘எதிர்பார்க்காதீர்கள்’ என்று சொல்வதை நிறுத்திவிட்டேன்.

- கட்டுரையாளர், குழந்தைகள்நல மருத்துவர்.